ஒற்றைக் கையால் சமைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடை தேறிவிட்டது, இடது கைதான் இன்னும் மடங்கியபடியே இருக்கிறது. ஆனாலும் அடுப்படியை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்கிறார்.

வெங்காயம்தான் முதல் தலைவலி. பிடிக்க இன்னொரு கை இல்லையென்றால் பலகையை விட்டு உருண்டு ஓடும். தம்பி ஒரு மரப்பலகையின் அடியிலிருந்து துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடித்து, முனை மேலே நிற்கும்படி செய்து கொடுத்தான். அதில் குத்தி வைத்து நறுக்குகிறார். பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. மாவு பிசையும் பாத்திரத்துக்கும் அதே வைத்தியம்தான்.

சார்டின் டின்னிடம்தான் தோற்றுப்போனோம். தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு திறக்கப் பார்த்து, பாதிக் குழம்பு கைலியில்! பட்டனை அழுத்தினால் தானே சுற்றித் திறக்கும் பேட்டரி ஓப்பனர் யாராவது வைத்திருக்கிறீர்களா? நீள்வட்ட டின்னுக்கும் சரிவருமா? ஆட்டி ஆட்டி நறுக்கும் அரைவட்டக் கத்தி கோலாலம்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆன்லைன் வேண்டாமாம், கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவாராம்.

அப்புறம் ரவிக்கை. கொக்கிக்குப் பதில் முன்பக்கம் வெல்க்ரோ வைத்துத் தைப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் இருந்தால் சொல்லுங்கள். சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை), மருத்துவர் எழுதித் தரும் படிவத்தோடு வேறு என்னென்ன கேட்டார்கள்? சமீபத்தில் எடுத்தவர்கள் சொன்னால் எங்களுக்கு ஒரு நடை மிச்சம்.