கம்மி விலையில கேமரா: கனடாவுல வாங்கி வடசென்னையில எடுக்கறவங்களுக்கு

கேள்வி: தண்டையார்பேட்டை, இப்ப டொராண்டோ. பொங்கலுக்கு வர்றப்ப காசிமேடு விடியற்காலை மீன் ஏலமும், வியாசர்பாடி பசங்க ஃபுட்பாலும் எடுக்கணும். 40 மடங்கு ஜூம்னு ஒரு சின்ன கேமரா கம்மி விலைக்கு வருது. வாங்கலாமாண்ணா?

பதில்: வேணாம் தம்பி. 4×6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சம் போதும், 12×18க்கே 20 கிட்டத்தான். அதனால மெகாபிக்சலை விடுங்க, சென்சார் அளவைப் பாருங்க. அந்த மாதிரி ஜூம் கேமராவுல பெரும்பாலும் 1/2.3 இன்ச் சென்சார்தான், அதாவது சுமார் 6.2×4.6 மி.மீ. ஒரு இன்ச் சென்சார்னு சொல்றது 13.2×8.8. லென்ஸ் மாத்தற கேமராவுல வர்ற ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6, பரப்புல அந்தச் சின்னதைவிட 12, 13 மடங்கு. விடியறதுக்கு முன்ன லைட் வெளிச்சத்துல ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவை, 3200க்கு ஏத்தினா, சின்ன சென்சார்ல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும். அதை கேமராவே அழிக்கறப்ப மீன் செதில், வலைக் கண்ணி எல்லாம் சேர்ந்து மெழுகிப் போயிடும்.

ஏபிஎஸ்-சியில பழசே போதும். கேனான் 200டி அங்க ரெபெல் எஸ்எல்2ன்னு வரும், ஜப்பான்ல கிஸ் எக்ஸ்9. மூணும் ஒரே கேமரா, பேரைப் பார்த்துக் குழம்பி கூட காசு குடுத்துடாதீங்க. அடுத்து வந்த 250டி, அதாவது எஸ்எல்3ல 4கே வீடியோ இருக்கு. ஆனா ஓரத்தை நல்லா வெட்டும், ஃபோக்கசும் மெதுவாயிடும். அந்த 4கேவுக்காக அதை வாங்காதீங்க.

கேமராவோட சேர்ந்து வர்ற கிட் லென்ஸை முழுக்க நீட்டினா எஃப் 5.6. இந்த எஃப் எண் சின்னதானா வெளிச்சம் கூட வரும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓ 12800 கேட்கற இடத்துல 1600க்குள்ள முடிஞ்சிடும். ஏலத்துக்கு அதுதான். ஃபுட்பாலுக்கு 55-250 எம்எம் ஜூம் லென்ஸ், ஷட்டர் 1/1000 செகண்ட், வெயில் சாயறதுக்குள்ள எடுத்துடுங்க.

இன்னொரு பதில்: அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பழசு வாங்கறப்ப எஃப் 16ல வெள்ளைச் சுவரை எடுங்க, சென்சார் தூசி கறுப்புப் புள்ளியா தெரியும். லென்சுக்குப் பின்னாலேர்ந்து டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி இருந்தா பூஞ்சை, வேண்டவே வேண்டாம்.

சார்ஜர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா பின் மாத்தற அடாப்டர் மட்டும் போதும். கரண்ட் அங்க 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 50. அங்க வச்ச ஷட்டர் 1/60லயே இங்க வீடியோ எடுத்தா ட்யூப்லைட் கீழ பட்டை பட்டையா ஓடும். மெனுவுல வீடியோ முறையை PAL-னு மாத்தி 1/50 வைங்க. உபரி பேட்டரி கைப்பையில மட்டும், செக்-இன் பெட்டியில கூடாது.

கேள்வி: ஏசி ரூம்லேர்ந்து நேரா கடற்கரைக்குப் போனா லென்ஸ் மங்குமாமே?

பதில்: மங்கும். ஜிப் கவர்ல மூடி வெளியில அரை மணி நேரம் வச்சிட்டு அப்புறம் திறங்க. டொராண்டோ குளிர்ல இதுவே தலைகீழ்: வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கவர்ல போட்டுடணும். காசிமேட்டுலேர்ந்து திரும்பினதும் லேசா ஈரத்துணியால கேமரா பாடியைத் துடைங்க, லென்ஸ் கண்ணாடியை விட்டுட்டு. உப்பு படிஞ்சா முதல்ல பட்டனும் லென்ஸ் மாட்டற மவுண்ட்டும்தான் போகும்.