பொருள்: மலருக்கான பழைய படங்கள் – கோப்புறைப் பெயர்களை மாற்றாதீர்கள்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

வாசிகசாலை மலருக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்துவிட்டன. ரொறன்ரோவிலிருந்து வந்ததைத் திறந்தால் 'அம்மா வீட்டு அல்பம்', அதற்குள் 'தேர்', அதற்குள் 'ஸ்கான்', அதற்குள்ளும் இன்னொன்று. ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்துக் கட்டாது என்று லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கட்டளை வரியில் இறங்கினேன்.

'ஃபைண்ட்' கட்டளை எத்தனை அடுக்கானாலும் உள்ளே போய்த் தேடும். அதோடு 'ஐநேம்' என்று கொடுத்துக் கோப்பின் பெயரைத் தேடினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பாராது. கிடைத்த ஒவ்வொன்றையும் 'எக்செக்' மூலம், பிரதி எடுக்கிற 'சிபி' கட்டளையிடம் கொடுத்து ஒரே இடத்தில் சேர்த்தேன். 412 படங்கள் வரவேண்டும். எண்ணினால் 371.

கமராக்கள் நாலு இலக்க எண்தான் போடும், 9999 முடிந்தால் திரும்ப 0001. ஆகவே லண்டன் அண்ணாவிடமும் பாரிஸ் அக்காவிடமும் ஒரே பெயரில் படங்கள் இருந்திருக்கின்றன. இப்படி ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது 'சிபி' கேட்காமலே பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். நகர்த்துகிற 'எம்வி'யைப் போட்டிருந்தால் அந்த 41 படங்களும் போயிருக்கும். நல்ல காலம், மூலப் பிரதிகள் அப்படியே இருந்தன.

இரண்டாம் முறை, கோப்பின் பாதையையே, அதாவது அது இருக்கும் கோப்புறைகளின் பெயர்களை வரிசையாகச் சேர்த்து, பெயராக்கினேன். சாய்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு, அவ்வளவுதான். அதில் ஒரு படம்: கோடு போட்ட சால்வையை இடுப்பில் கட்டிய ஒருவர் தேர்வடம் பிடிக்கிறார். கோப்பின் பெயர் வெறும் 0012. அது இருந்த கோப்புறையின் பெயர் 'ஐயா கடைசியாய் வடம் பிடித்த வருசம்'. முதல் முறை நான் செய்தபடி விட்டிருந்தால் அந்த வரி போயிருக்கும். அவர் யாரென்று இந்தப் படத்தில் வேறு எங்கும் எழுதியில்லை.

ஒரு சிக்கல், தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத்தான். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். 'க' 3 பைட், 'கொ' 6 பைட். நாலைந்து தமிழ்க் கோப்புறைப் பெயர்கள் சேர்ந்தால் தாண்டிவிடும். அப்படித் தாண்டியவற்றில் வெளிக் கோப்புறையின் பெயரை மட்டும் நான் கையால் சுருக்கினேன்.

ஆகவே எனக்குச் சுகமாக இருக்கட்டும் என்று யாரும் ஒழுங்குபடுத்த வேண்டாம். இடைவெளி, தமிழ், எழுத்துப் பிழை, எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். முழுக் கோப்புறையையும் 'சிப்' செய்து அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் படமாகப் போட வேண்டாம், அது படத்தையும் சுருக்கிப் பெயரையும் மாற்றிவிடும். அப்புறம், மொத்தம் எத்தனை படம் என்று மடலில் ஒரு வரி எழுதிவிடுங்கள், இங்கே எண்ணிச் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து