கரு நிற்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது?

கும்பகோணம் மருமகள்:
எங்களுக்குக் கல்யாணமாகி 14 மாதம். போன வாரம் நாத்தனாருக்கு வளைகாப்பு. அவள் எழுந்ததும் பெரிய மாமியார் என் கையைப் பிடித்து அதே மனையில் உட்கார வைத்துவிட்டார். கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டார். ஆசையாகத்தான் செய்தார். ஆனால் கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. மூன்று நாள் முன்புதான் தலைக்குக் குளித்திருந்தேன். அந்த வளையல்களைக் கழற்றவும் மனசில்லை, போட்டிருக்கவும் முடியவில்லை. உங்களுக்கெல்லாம் எத்தனை மாதம் ஆனது?

திருச்சி அம்மா:
எனக்கு 7 மாதம். நாள் தள்ளினாலே கிட் வாங்கிவிடுவேன். ஏழாவது தடவை இரண்டாம் கோடு அவ்வளவு வெளிறி வந்தது. ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தும் நம்பிக்கை வராமல் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். டென்ஷன் ஆகாதீர்கள்மா, தானாக நிற்கும்.

ஒரு கணவன்:
மூன்று வருஷம். முதல் இரண்டு வருஷம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவளுக்கு மட்டும்தான். புது டாக்டர் என்னைப் பார்த்து, "உங்க ரிப்போர்ட் எங்கே?" என்றார். என்னிடம் எதுவுமில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, மடியிலிருந்த ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். குறை என்னிடம்தான் இருந்தது.

காரைக்குடி:
திருக்கருகாவூர் நெய் 48 நாள் சாப்பிட்டேன். அடுத்த மாதமே நின்றது. கர்ப்பரட்சாம்பிகை கைவிடமாட்டாள்.

சேலம் 36:
திருச்சி அம்மா, தானாக நிற்கும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை நம்பி 33 வயதிலிருந்து 36 வரை காத்திருந்தேன். கடைசியில் தைராய்டு. நெய் சாப்பிடுங்கள், நானும் சாப்பிட்டேன், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் குறையும் இல்லாத இளம் ஜோடிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. நூறு ஜோடியில் எண்பதுக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் நின்றுவிடும். அதனால்தான் 35 வயதுக்குள் ஒரு வருஷம், தாண்டினால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் அவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், 14ஆம் நாள் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குத்தான். 35 நாள் என்றால் 21ஆம் நாளை ஒட்டித்தான் முட்டை வெளிவரும். அது ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். அதனால் அதற்கு முந்தைய நாள்கள்தான் முக்கியம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். முதல் தடவையே இரண்டு பேரும் போங்கள்.

கும்பகோணம் மருமகள்:
எனக்கு 34 நாளுக்கு ஒருமுறைதான் வரும் அக்கா. இத்தனை மாதமும் 14ஆம் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அந்தக் கணவர் எழுதியதை இவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறார்.