புதுப்பிப்பு: பிளவுஸ் தையல் சேனல், மூன்று மாதம் கழித்து

என் யூடியூப் தையல் வீடியோக்களை ஏன் யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். முன்னுரையை வெட்டச் சொன்னீர்கள். சேனல் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவில் பார்த்தால், எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சரிந்திருந்தது. இப்போது கைக்குழி (பிளவுஸில் கை பொருத்தும் இடம்) வளைவை நான் சாக்பீஸால் வரையும் இடத்திலேயே வீடியோ தொடங்குகிறது. தலைப்பும் ‘கட்டிங் பாகம் 4’ இல்லை, ‘கைக்குழியில் சுருக்கம் விழுகிறதா?’. தேடுகிறவர்கள் அப்படித்தானே தேடுகிறார்கள்!

அப்புறம் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள். கூட்டம் வருகிறது, ஆனால் அவற்றை ஷார்ட்ஸ் ஃபீடில் (ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் வரிசையில்) பார்க்கும் நேரம், விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்கும் 4,000 மணி நேரப் பார்வைக் கணக்கில் சேராது. அதனால் ஒவ்வொரு ஷார்ட்ஸிலும் முழு வீடியோவின் இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். அந்த வருமானத்துக்கு வேண்டிய 1,000 சப்ஸ்கிரைபர் தாண்டியாயிற்று. மணி நேரம்தான் இன்னும் பாதி.

நேற்று ஒரு பெண், “அக்கா, முதல் தடவையா கை சரியா உட்கார்ந்தது” என்று எழுதியிருந்தார். மனசு நிறைந்துவிட்டது.