வாஷிங்டன்ல இருக்கற பங்களா ஹார்வர்டுக்கு எப்படி போச்சு?

ஊர்சுத்தி:
போன வாரம் ஜார்ஜ்டவுன்ல டம்பார்டன் ஓக்ஸ் தோட்டம் பாக்க போனோம், வீட்டம்மாவுக்கு பூ பாக்கணும், எனக்கு கால் வலி, பெஞ்சுல உக்காந்து போர்டை படிச்சா ஹார்வர்டு யுனிவர்சிட்டின்னு போட்டிருக்கு. அது மாசசூசெட்ஸ்ல இல்ல இருக்கு? உள்ள பைசண்டைன் (அந்தக்கால கிழக்கு ரோம சாம்ராஜ்யம்) ஆராய்ச்சி வேற நடக்குதாம். கதை தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பழைய ஓலை:
ராபர்ட் பிளிஸ், மில்ட்ரட் பிளிஸ்னு புருஷன் பொண்டாட்டி வீடுங்க அது. அவர் தூதரா நாடு நாடா சுத்துனவரு, காசு அந்தம்மா வீட்டுது, அதுவும் எதுல வந்துச்சுன்னா காஸ்டோரியான்னு கொழந்தைங்களுக்கு குடுக்கற பேதி மருந்துல 😄 1920ல எடத்த வாங்கி, பியாட்ரிக்ஸ் ஃபாரண்டுங்கற தோட்ட டிசைனர வச்சு படிக்கட்டு, கேட்டு, நீங்க உக்காந்தீங்களே அந்த மாதிரி பெஞ்சு வரைக்கும் பாத்து பாத்து வருஷக்கணக்கா இழைச்சாங்க. 1933ல ரிட்டயர் ஆகி வந்து குடியேறுனாங்க, ஏழே வருஷம், 1940 நவம்பர்ல வீடு, லைப்ரரி, சேத்து வச்ச பைசண்டைன் பொருள் எல்லாத்தையும் அவர் படிச்ச ஹார்வர்டுக்கே எழுதி குடுத்துட்டு வேற வீட்டுக்கு போயிட்டாங்க. பிள்ளைங்க இல்லதான், இருந்தாலும் உயிரோட இருக்கறப்பவே குடுக்க மனசு வேணும்ல.

மொட்டமாடி:
எல்லாமே ஹார்வர்டுக்கு போகல ஓலை. 53 ஏக்கர்ல ஹார்வர்டுக்கு 16 சொச்சம்தான். பின்னாடி ஓடைப்பக்கம் 27 ஏக்கர் நேஷனல் பார்க் சர்வீஸுக்கு குடுத்தது, அது தனி பார்க். மிச்சத்துல இப்ப டென்மார்க் தூதரகம் இருக்கு.
இன்னொன்னு விட்டுட்டீங்க, ஐநா சபைக்கு மொத ப்ளான் போட்டதே அந்த வீட்டு மியூசிக் ரூம்லதான், 1944 ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும். இதுல கூத்து என்னன்னா அப்ப ரஷ்யா ஜப்பானோட சண்டைல இல்ல, சீனா சண்டைல இருக்கு, அதனால ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல உக்கார வைக்க முடியாம மொதல்ல ரஷ்யா, அவங்க கெளம்புனப்புறம் சீனான்னு ரெண்டு பந்தியா நடத்துனாங்க.

ஊர்சுத்தி:
அடப்பாவமே, அந்த ரூம பாக்காமலே வந்துட்டேனே, மியூசியம் அப்புறம் பாக்கலாம்னு தோட்டத்துலயே நேரம் போயிருச்சு. அதுசரி, வட்ட வட்டமா கண்ணாடி ரூம் ஒண்ணு மரத்துக்கு நடுவுல தெரிஞ்சுதே, அது பழசு மாதிரி தெரியலயே?

பழைய ஓலை:
அது 1963. பிலிப் ஜான்சன்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டுனது, ராபர்ட் பிளிஸ் சேத்த மாயா, இன்கான்னு பழைய அமெரிக்க நாகரிகப் பொருளுக்காக. எட்டு வட்ட ரூம், நடுவுல கூரை இல்லாம ஒரு ஃபவுண்டன். பாவம், பிளிஸ் 1962லயே போய் சேந்துட்டாரு.