உதவி: முகூர்த்தம் கிளிப்புக்கு மட்டும் பிராக்ஸி ஒட்டவில்லை

மதுரை_கட்ஸ்: அவசரம். கல்யாண வேலை, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 4கே டைம்லைன் நகரவே மாட்டேன் என்கிறது என்று பிராக்ஸி (எடிட் பண்ண மட்டும் ஒரிஜினலுக்குப் பதில் வைக்கும் லேசான காப்பி) போட்டேன். ரிசப்ஷன் கிளிப் எல்லாம் ஒட்டிக்கொண்டது. முகூர்த்தம் மட்டும் எர்ரர். யாராவது சொல்லுங்கள்.

ஃபிரேம்_25: எந்த சாஃப்ட்வேர், எந்த கேமரா, என்ன எர்ரர்?

ரேம்_ராசா: ரேம் 16 ஜிபியா? 32 ஆக்குங்கள். எனக்கு எல்லாத் தொல்லையும் அதோடு போயிற்று.

ஃபிரேம்_25: ரேமுக்கும் பிராக்ஸி ஒட்டாததற்கும் என்னங்க சம்பந்தம்?

பழைய_கை: மெனுவில் இருப்பதிலேயே பெரிய நம்பரைத் தட்டி ஷூட் பண்ணுவது, அப்புறம் சிஸ்டம் இழுக்கவில்லை என்று இங்கே வருவது. எச்.265 என்கிற சுருக்கும் முறையில் எப்போதாவது ஒரு ஃபிரேம்தான் முழுசாக இருக்கும், மற்றதெல்லாம் மாற்றம் மட்டும். நடுவில் கர்சரை வைத்தால் அக்கம்பக்கத்து ஃபிரேமையும் சேர்த்து டிகோட் பண்ண, அதாவது சுருக்கியதை விரிக்க வேண்டும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரி எடிட்டிங் ஃபார்மட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. இதைத் தெரிந்துகொண்டு கேமராவைத் தொடலாம்.

மதுரை_கட்ஸ்: பிரீமியர் புரோ. சோனி எஃப்எக்ஸ்3, எக்ஸ்ஏவிசி எச்எஸ் (எச்.265தான்), 4கே 50பி (நொடிக்கு 50 ஃபிரேம்), 10 பிட் 4:2:2 (இரண்டு பிக்சலுக்கு ஒரு கலர்). சிஸ்டம் இன்டெல் ஐ7 12700எஃப் பிராசசர், என்விடியா 3060 கிராஃபிக்ஸ் கார்டு.

குவிக்_சிங்க்: டைம்லைன் நகராததற்கு அந்த 'எஃப்'தான் வில்லன். 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் உள்கிராஃபிக்ஸ் 4:2:2 எச்.265ஐ டிகோட் பண்ணும். எஃப் சிப்பில் அந்த கிராஃபிக்ஸே கிடையாது. 3060க்கும் 4:2:2 வராது. முழுப் பாரமும் பிராசசர் தலையில்.

ரேம்_ராசா: 3060 நல்ல கார்டுங்க. அதில்தான் நான் கலர் போடுகிறேன்.

குவிக்_சிங்க்: கலர் வேறு, டிகோட் வேறு. என்விடியாவில் 50 வரிசைக்குத்தான் 4:2:2 வந்தது.

பழைய_கை: கல்யாணத்துக்கு எதற்கு 4:2:2?

குவிக்_சிங்க்: சிவப்புப் பட்டில் ஜரிகை ஓரத்தை 4:2:0வில் (நாலு பிக்சலுக்கு ஒரு கலர்) பார்த்திருக்கிறீர்களா? கலர் தள்ளினால் கொசகொச என்று வரும்.

பழைய_கை: பார்ட்டிக்குக் கொடுப்பது 1080. 4கே 4:2:0வைப் பாதியாக்கினாலே ஒவ்வொரு பிக்சலுக்கும் கலர் கிடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஃபிரேம்_25: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தம்பி, முகூர்த்தத்துக்கு கேமராவில் எதையாவது மாற்றினீர்களா? பிராக்ஸி எதில் செய்தது?

மதுரை_கட்ஸ்: வெளியில் ஒரு இலவச கன்வெர்ட்டர், 1080 எம்பி4. கேமரா அதேதான். நாதஸ்வரம் நன்றாக வேண்டும் என்று மேல் கைப்பிடி மாட்டி மைக் செருகினோம். ரிசப்ஷன் கிம்பலில் (கேமரா ஆடாமல் பிடிக்கும் ஸ்டாண்ட்), அதனால் கைப்பிடியைக் கழற்றிவிட்டோம்.

ஃபிரேம்_25: அதுதான் விஷயம். கைப்பிடியோடு 4 சேனல் ஆடியோ பதிவாகியிருக்கும், கன்வெர்ட்டர் அதை ஸ்டீரியோவாகச் சுருக்கியிருக்கும். ஒரிஜினலும் பிராக்ஸியும் ஆடியோ சேனலில் ஒத்துப்போகாவிட்டால் பிரீமியர் ஒட்டவிடாது. 4 சேனலை அப்படியே வைத்து, புரோரெஸ் பிராக்ஸி 1080இல் திரும்பப் போடுங்கள். 50பிக்கு ஒரு மணி நேரம் சுமார் 34 ஜிபி பிடிக்கும், டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் பிராக்ஸிஸ்' டிக்கைத் தொடாதீர்கள். டிக் இல்லையென்றால் ஒரிஜினலிலிருந்துதான் வரும்.

பழைய_கை: புரோரெஸ் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மதுரை_கட்ஸ்: ஒட்டிவிட்டது! நன்றி அண்ணே. பார்ட்டி போன் அடிக்கிறார், அப்புறம் வருகிறேன்.

ரேம்_ராசா: தம்பி, அந்தக் கைப்பிடி மைக்கில் நாதஸ்வரம் கிழியாமல் வந்ததா? வாங்கலாமா என்று பார்க்கிறேன்.