ஞாயிறு பூசை, திங்கள் பொய்: வேலையை விடணுமா?

கல்லுக்கட்டித் தம்பி:
காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் மூன்று வருடமாக விற்பனைக்கு நிற்கிறேன். செட்டியார் வீடுகளைப் பிரித்தபோது வந்த தூண், கதவெல்லாம் நிஜமாகவே இருக்கிறது, அதில் குழப்பம் இல்லை. ஆனால் புதுசாகச் செய்து சாயம் ஏற்றிய பெட்டியையும் '100 வருசத்துப் பர்மாத் தேக்கு' என்றுதான் சொல்லச் சொல்கிறார் முதலாளி. அடியில் பளபளவென்று ஸ்குரூ இருக்கும், வெளியூர்க்காரர்கள் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் ஓரியூர் போய், 1693இல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்த மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்தேன், மறுநாள் கடை திறந்து அரை மணி நேரத்தில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இதே பாவத்தை எத்தனை தடவை சொல்வது, கூச்சமாக இருக்கிறது. வேலையை விடலாம் என்றால் அம்மாவுக்கு மருந்துச் செலவு.

தேவகோட்டை அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. பைபிளில் லூக்கா 3ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவர்கள் திருமுழுக்கு யோவானிடம் இதையேதான் கேட்கிறார்கள், நாங்க என்ன செய்யணும் என்று. தொழிலை விடு என்று அவர் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதீங்க என்றார். பழசைப் பழசு என்று சொல்லி விற்றுக்கொள்ளுங்க, புதுசு வந்தால் வாயைத் திறக்காதீங்க.

செக்காலைக்காரன்:
அது எப்படி அக்கா? பழசுக்கு நடுவில் அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றால் அதுவும் பொய்தானே, கமிஷன் மட்டும் வந்துவிடும்.

ஆசாரி வீட்டுப் பையன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி. அந்தப் பெட்டியை என்னை மாதிரி ஒரு ஆள்தான் நாள்கணக்கில் இழைத்துச் செதுக்கியிருப்பான், நீங்க அதைச் செத்துப்போன யாரோ செய்ததாக விற்கிறீங்க. வாங்குகிறவனை மட்டுமா ஏமாற்றுகிறீங்க? ஆத்தங்குடி டைல்ஸைப் பழசு என்று சொல்லியா விற்கிறார்கள், கண்ணாடி மேல் கலவை ஊற்றிக் கையால் செய்வதைப் பார்த்துவிட்டுத்தானே ஆர்டர் கொடுக்கிறார்கள்.

கல்லுக்கட்டித் தம்பி:
அண்ணே, இது எனக்குத் தோணவே இல்லை. நேற்று ஒரு தம்பதி கேட்டபோது, புதுசு, நம்ம ஊர் ஆசாரி செய்தது என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விட்டார்கள், சரி. செய்தவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டலாமா என்று முதலாளியிடம் கேட்டும் விட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டார். 5ஆம் தேதி சம்பளம் வரும்போது தெரியும்.